பறவை பார்க்கும் கணவன் மனைவி: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் வீட்டுக்காரரும் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறோம். 2020-லிருந்து எங்கள் இருவருக்கும் பொதுவான பொழுதுபோக்கு பறவை பார்ப்பது. கல்யாண வீட்டுப் பந்தியில், பள்ளிக்கூட வாசலில், கொள்ளிடக் கரையில் எங்கள் கழுத்தில் தொங்கும் பைனாகுலரைப் பார்த்துவிட்டு எல்லாரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே நிதானமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

இது எப்படி ஆரம்பித்தது?

ஊரடங்கு நாட்களில். அதற்கு முன் இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவர் ஒரு மூலையில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பழைய கிரிக்கெட் ஆட்டம் பார்ப்பார். நான் இன்னொரு மூலையில் என் போனில் தொடர் பார்ப்பேன். சண்டை எதுவும் கிடையாது, ஆனால் பேச்சும் கிடையாது.

ஏப்ரல் மாதம் ஒரு ராத்திரி அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து போனைக் காட்டினார். ஒரு வரைபடம், அதில் ஒரு கோடு, கோட்டின் முனையில் ஒரு புள்ளி. மங்கோலியாவில் 2019 கோடையில் ஐந்து குயில்களின் முதுகில் சிறிய செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பறக்கவிட்டிருந்தார்கள். அதில் ஒன்றின் பெயர் ஓனோன். அங்குள்ள ஓர் ஆற்றின் பெயர் அது. அந்தக் குயில் குளிர்காலத்தை ஆப்பிரிக்காவில் ஜாம்பியாவில் கழித்துவிட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நடுவில் அரபிக்கடல்.

அதற்குப் பிறகு தினமும் சாப்பிட்டு முடித்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "என்னங்க, ஓனோன் கரை ஏறிடுச்சா?" கடலைத் தாண்டி அது இந்தியாவுக்குள் நுழைந்த அன்று என் மாமியாரும் எழுந்து வந்து பார்த்தார். மே மாதக் கடைசியில் மங்கோலியா போய்ச் சேர்ந்தது. 12,000 கிலோமீட்டருக்கு மேல், 16 நாடுகள். ஐந்தில் திரும்பி வந்தது அது ஒன்றுதான். வாசல் தாண்ட முடியாமல் நாங்கள் எல்லாரும் அடைந்து கிடந்த நேரத்தில், சின்ன உயிர் ஒன்று அவ்வளவு தூரம் போனதை இருவரும் சேர்ந்து பார்த்தோம். மறுநாள் காலையில் மொட்டைமாடிக்குப் போனோம், நம் வீட்டு வேப்ப மரத்தில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க.

அந்தக் குயில்தான் நம்மூர்க் குயிலா?

இல்லை, ஒரே குடும்பம். இரண்டுமே கூடு கட்டாமல் அடுத்த பறவையின் கூட்டில் முட்டையிடும். நம்மூர்க் குயிலுக்குக் காக்கைக் கூடு.

இதில் நான் நாற்பது வயதுவரை தவறாக நினைத்திருந்த ஒன்று: கூவுவது பெண் குயில் இல்லை, ஆண். கறுப்பாக, சிவப்புக் கண்ணோடு இருப்பது ஆண். பெண் குயில் பழுப்பு நிறத்தில் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு இருக்கும். அது "கிக் கிக் கிக்" என்று வேகமாகக் கத்தும். எங்கள் வேப்ப மரத்தில் வருடக்கணக்காக இரண்டும் பழம் தின்று கொண்டிருந்திருக்கின்றன. இரண்டையும் வேறு வேறு பறவை என்று எண்ணியிருந்தேன்.

முதலில் என்னென்ன வாங்க வேண்டும்?

ஆறு மாதம் வரை ஒன்றும் வேண்டாம். கண்ணும் காதும் ஒரு நோட்டும் போதும். அதற்குப் பிறகும் ஆசை விடவில்லை என்றால் 8×42 பைனாகுலர் ஒன்று வாங்கலாம். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். உருப்பெருக்கம் கூடக்கூடக் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும், பறவையைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

நாங்கள் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் 30×60 என்று போட்டிருந்த ஒன்றை ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கினோம். மைனாவைப் பார்த்தால் இரண்டு மைனா தெரிந்தது, தலையும் வலித்தது. திருப்பி எடுத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார்கள். அப்புறம் ஒரு வருடம் காசு சேர்த்து ஒழுங்கான ஒன்றை வாங்கினோம்.

ஒரே பைனாகுலரை இரண்டு பேர் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்?

இதைக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் ஜோடியாகப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயமே இதுதான்.

பலருக்கும் இரண்டு கண்ணின் பவரும் ஒன்றாக இருப்பதில்லை. அதற்காக வலது கண் வைக்கும் பக்கத்தில் தனியாக ஒரு வளையம் இருக்கும். முதலில் வலது பக்கக் கண்ணாடியைக் கையால் மூடிக்கொண்டு, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். பிறகு இடது பக்கத்தை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், அந்த வலது வளையத்தை மட்டும் திருப்ப வேண்டும். ஒருமுறை சரி செய்தால் உங்களுக்கு அது நிரந்தரம். ஆனால் அடுத்தவர் வாங்கித் திருப்பியதும் போயிற்று. "எனக்கு மங்கலாத் தெரியுது" என்று மறுபடி திருப்புவதற்குள் பறவை பறந்துவிடும்.

இதற்கு அவர்தான் வழி கண்டுபிடித்தார். என் நகப்பூச்சு பாட்டிலை எடுத்து, வளையத்தில் எனக்குச் சரியான இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். தனக்கு வெள்ளைப் பொட்டு. வாங்கியதும் கட்டை விரலால் நம் பொட்டுக்குத் தள்ளினால் போதும். சிவப்புப் பொட்டு பாதி உதிர்ந்துவிட்டது, போன தீபாவளிக்குத்தான் புதிதாக வைத்தோம்.

அவர் கண்ணாடி போடுகிறவர். கண்ணாடிக்காரர்கள் கண் வைக்கும் இடத்திலுள்ள ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் காட்சி சின்ன வட்டமாகச் சுருங்கிவிடும். நான் வாங்கியதும் அதை மேலே ஏற்றிக்கொள்வேன். இவ்வளவும் இப்போது எங்கள் கைகளுக்குப் பழகி, இரண்டு விநாடியில் முடிந்துவிடுகிறது.

மறுபடியும் போன்தானே? அதிலிருந்து தப்பிக்கத்தானே பொழுதுபோக்கு?

போனில்தான் ஆரம்பித்தது, இன்றும் போன் கையில் இருக்கிறது. ஆனால் இப்போது அது எங்களை வெளியே அழைத்துப் போகிறது.

நாங்கள் பயன்படுத்துபவை முக்கியமாக மூன்று. முதலாவது மெர்லின். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2014-ல் வெளியிட்ட செயலி. காசு கிடையாது. அளவு, நிறம், எங்கே உட்கார்ந்திருந்தது என்று சொன்னால் எந்தப் பறவையாக இருக்கலாம் என்று படம் காட்டும். 2021-ல் குரலைக் கேட்டு அடையாளம் சொல்லும் வசதியும் வந்தது. முதலில் வட அமெரிக்கப் பறவைகளுக்கு மட்டும், பிறகு மற்ற நாடுகளுக்கும். நம் பகுதிக்கான தொகுப்பை ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் ஆற்று மணலில் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்.

இரண்டாவது, அதே ஆய்வகமும் அமெரிக்காவின் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபான் சங்கமும் 2002-ல் தொடங்கிய ஈபேர்ட். பார்த்ததைப் பதிவு செய்யும் இடம். மூன்றாவது ஸீனோ கேண்ட்டோ. 2005-ல் தொடங்கி நெதர்லாந்திலிருந்து நடத்துகிறார்கள். உலகெங்கும் உள்ளவர்கள் பதிவு செய்த பறவைக் குரல்கள் அங்கே கொட்டிக் கிடக்கின்றன. என் வீட்டுக்காரர் இதில் மூழ்கினால் எழுந்திருக்க மாட்டார். எங்கள் எலுமிச்சைச் செடியில் இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருந்த தையல்சிட்டின் குரலையும், எங்கோ தாய்லாந்தில் பதிவான அதே தையல்சிட்டின் குரலையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் போட்டுக் காட்டி, "கேட்டியா, இழுவை வேற" என்றார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. நாலைந்து முறை கேட்ட பிறகு புரிந்தது.

செயலி சொல்வதை அப்படியே நம்பலாமா?

கூடாது. ஒருநாள் காலை மெர்லின் திரும்பத் திரும்ப வைரி என்று காட்டியது. சின்ன வேட்டைப் பறவை, சிலர் வல்லூறு என்பார்கள். அண்ணாந்து தேடினால் எங்குமே இல்லை. கடைசியில் பார்த்தால் மின்கம்பியில் உட்கார்ந்திருந்த கரிச்சான், வைரியின் குரலை அப்படியே எடுத்துக் கத்திக்கொண்டிருந்தது. மற்ற பறவைகளை மிரட்டி விரட்ட அது இப்படிச் செய்யும் என்கிறார்கள். செயலி ஏமாந்தது, மைனாக்களும் ஏமாந்து பறந்தன. குரல் வந்த கிளையைக் கண்ணால் பார்க்காமல் நாங்கள் இப்போது எதையும் பட்டியலில் சேர்ப்பதில்லை. நன்றாகப் பழகிய குரல்கள் மட்டும் விதிவிலக்கு.

எனக்கு ஆர்வம் இருக்கிறது, என் கணவருக்கு (அல்லது மனைவிக்கு) இல்லை. என்ன செய்வது?

இழுத்துக்கொண்டு போகாதீர்கள். எங்கள் வீட்டிலும் இருவரின் ஆர்வமும் ஒரே மாதிரி இல்லை. எனக்குக் கண், அவருக்குக் காது. இலைக்குள் ஒரு அசைவு இருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். அவர் பக்கத்தில் நின்றும் பார்க்க மாட்டார். ஆனால் படுக்கையில் கிடந்தபடியே, "ராத்திரி கத்தினது புள்ளி ஆந்தை, ரெண்டு இருந்துச்சு" என்று சொல்வார். எண்ணிக்கை, பட்டியல் எல்லாம் எனக்குப் பிடிக்கும். அவருக்குப் பாட்டுக் கேட்கிற மாதிரி கேட்டால் போதும்.

உங்கள் துணைக்கு நடப்பது பிடிக்குமா, வரைவது பிடிக்குமா, வரைபடம் பிடிக்குமா என்று பாருங்கள். அந்த வாசல் வழியாக வரட்டும். எதுவுமே பிடிக்கவில்லையா, நீங்கள் மட்டும் போய்விட்டு வந்து பார்த்ததைச் சொல்லுங்கள். கேட்பதும் ஒரு பங்குதான்.

தினமும் எவ்வளவு நேரம்?

காலையில் இருபது நிமிடம், காபியோடு. டிகாக்ஷன் இறங்குவதற்குள் அவர் மாடிக்குப் போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கொள்ளிடக் கரை.

சண்டை வராதா?

வந்தது, முதல் வருடம் நிறைய. காரணம் ஒரே சொல்: "அதோ". "அதோ பாருங்க", "எதோ?", "அதோ அந்தக் கிளையில", "எந்தக் கிளை?" இதற்குள் பறவை போயிருக்கும். இப்போது மரத்தையே கடிகாரமாக வைத்துக்கொள்கிறோம். உச்சி பன்னிரண்டு மணி, வலது ஓரம் மூன்று மணி. "வேம்பு, பத்து மணி, உள்பக்கம்" என்றால் அவர் பைனாகுலர் நேராக அங்கே போய்விடும். இதைச் செய்து பாருங்கள், பாதிச் சண்டை நின்றுவிடும்.

பறவைகளின் தமிழ்ப் பெயர்களை எங்கிருந்து தெரிந்துகொண்டீர்கள்?

பாதி என் மாமியாரிடமிருந்து. செயலியில் ஆங்கிலப் பெயரைப் படித்துவிட்டு நான் விழித்தால், அத்தை வாசலில் உட்கார்ந்தபடி, "அது செம்போத்துடி", "அது தவிட்டுக்குருவி, தனியா வராது, கூட்டமாத்தான் வரும்" என்பார். ஆற்றங்கரைக்கு ஆள் வந்தாலே கத்திக் காட்டிக் கொடுக்கும் பறவைக்கு ஆட்காட்டி என்ற பெயர் எவ்வளவு பொருத்தம்! மணலில் வெறுந்தரையில் முட்டையிடும் பறவை அது, கத்தாமல் என்ன செய்யும்? நெஞ்சு பதைக்கும் அந்தக் கத்தலைக் கேட்டால் நாங்கள் அந்தப் பக்கம் போகாமல் திரும்பிவிடுவோம்.

மீதிப் பாதி பாசுரத்திலிருந்து வந்தது என்று சொல்லலாம். எங்கள் ஊரில் மார்கழி என்றால் விடியற்காலை திருப்பாவை. ஏழாம் பாசுரத்தில் ஆனைச்சாத்தன் என்ற பறவைகள் விடியலில் பேசிக்கொள்வதாக ஆண்டாள் பாடுகிறாள். அது கரிச்சான், வலியன் என்று பொருள் சொல்வார்கள். சின்ன வயதிலிருந்து பாடியிருக்கிறேன், பறவை எது என்று யோசித்ததே இல்லை. இப்போது மார்கழியில் நாலரை மணிக்கு எழுந்து மாடிக்குப் போனால், காக்கை கரைவதற்கு முன்பே, முழு இருட்டில் முதலில் பேச ஆரம்பிப்பது கரிச்சான்தான். ஒன்று கேட்கும், எங்கோ தூரத்தில் இன்னொன்று பதில் சொல்லும். முதன்முதலாக அதைக் காதால் கேட்டு, பாசுரத்தோடு பொருத்திப் பார்த்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கேமரா வாங்கலாமா?

ஆசை இருந்தால் வாங்குங்கள். எங்களிடம் இல்லை. படம் எடுப்பவர் லென்ஸுக்குள் போய்விடுவார், பக்கத்தில் நிற்பவர் சும்மா நிற்க வேண்டியிருக்கும். ஒன்று மட்டும்: கூட்டில் குஞ்சு இருக்கும்போது படத்துக்காக நெருங்காதீர்கள், குரலைப் போனில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டது என்று அது அலைமோதும்.

காக்கை, மைனாவையெல்லாம் எண்ணிப் பதிவு செய்வதால் யாருக்கு என்ன பயன்?

இது என் மனதுக்கு நெருக்கமான கேள்வி. "செல்போன் கோபுரத்தால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டது" என்ற செய்தி உங்களுக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். நானும் நம்பியிருந்தேன், நாலு பேருக்கு அனுப்பியும் இருக்கிறேன். 2020-ல் இந்தியப் பறவைகளின் நிலை என்ற அறிக்கை வந்தது. சாதாரண மக்கள் ஈபேர்டில் பதிவு செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட குறிப்புகளை வைத்து எழுதியது. நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவி கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில் இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று அதில் தெரிந்தது. கோபுரம்தான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. 2023-ல் வந்த அடுத்த அறிக்கைக்கு மூன்று கோடிக் குறிப்புகள், 942 வகைப் பறவைகள். அதில் 178 வகைகளுக்கு உடனடிக் கவனம் தேவை என்கிறார்கள். அந்த மூன்று கோடியில் எங்கள் மொட்டைமாடிக் குறிப்புகளும் இருக்கின்றன.

அதனால்தான் காக்கையை விடாமல் எழுதுகிறோம். அபூர்வமானதை மட்டும் எழுதினால், நாளைக்குக் காக்கை குறைந்தால் யாருக்கும் தெரியாது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார்ந்து, பார்த்ததையும் கேட்டதையும் ஒன்று விடாமல் எண்ணினால் அது ஒரு முழுப் பட்டியல். ஆரம்பிக்க நல்ல நேரம் பொங்கல். 2015-லிருந்து வருடா வருடம் பொங்கலை ஒட்டி நான்கு நாட்கள் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே கலந்துகொள்ளலாம். பானை பொங்குவதற்குக் காத்திருக்கும் நேரமே போதும்.

அடிபட்ட பறவை கிடைத்தால் என்ன செய்வது?

ஓர் அக்டோபர் காலையில் எங்கள் பின்கட்டு ஜன்னல் கண்ணாடியில் ஏதோ "தொப்"பென்று மோதியது. ஓடிப் பார்த்தால் துவைகல்லுக்குப் பக்கத்தில் ஒரு பறவை. குட்டை வால், முதுகு பச்சை, தோளில் பளிச்சென்ற நீலம், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, வயிற்றடியில் குங்குமச் சிவப்பு. அப்படியொரு நிறக்கூட்டத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. கண் பாதி மூடி, வாய் திறந்து மூச்சு வாங்கியது. ஆறுமணிக் குருவி. காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் கத்துவதால் அந்தப் பெயர். வடக்கே குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை. களைத்து இறங்கும்போது இப்படி வீடுகளில் மோதிவிடும்.

அவர் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் துளை போட்டு, பழைய துண்டு விரித்து, மெல்ல எடுத்து உள்ளே வைத்து மூடினார். அத்தை தண்ணீர் ஊற்றச் சொன்னார். வேண்டாம் என்று தடுத்தோம், வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலில் போய்விடும். இருட்டும் அமைதியும்தான் மருந்து. ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டிக்குள் தத்தும் சத்தம் கேட்டது. தோட்டத்தில் வைத்து மூடியைத் திறந்தோம். ஒரு கணம் விளிம்பில் நின்றது, பிறகு வாழைக்கு அடியில் போய்ச் சருகைக் கொத்த ஆரம்பித்தது.

இறக்கை முறிந்திருந்தாலோ ரத்தம் வந்தாலோ வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். பாவம் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது. கிளி உட்பட நம் நாட்டுப் பறவைகளைக் கூண்டில் வளர்ப்பது 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மழை நாளில், வெளியே போக முடியாத நாளில்?

கார்னெல் ஆய்வகம் 2012-லிருந்து ஒரு செவ்வால் பருந்து ஜோடியின் கூட்டை நேரலையில் காட்டிவருகிறது. நமக்கு இரவு எட்டரை என்றால் வசந்த காலத்தில் அங்கே காலை பதினொன்று. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். ஒன்று எழுந்து மற்றது உட்காரும் அந்த மாற்றத்துக்காக நாங்கள் தோசையைத் தட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறோம். ஒருமுறை முட்டைமேல் உட்கார்ந்திருந்த தாயின் முதுகு முழுக்கப் பனி படிந்திருந்தது. அன்று இருவருமே அதிகம் பேசவில்லை.

பறவைக்குத் தண்ணீர், சோறு வைக்கலாமா?

தண்ணீர் கட்டாயம் வையுங்கள், முக்கியமாகச் சித்திரை வெயிலில். அகலமான மண்சட்டி, இரண்டு விரற்கடை ஆழம், தினமும் கழுவி மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கொசு வந்துவிடும். காக்கைக்கு ஒரு கவளம் சோறு நம் வழக்கம், அது போதும். கூட்டத்தைப் பழக்கப்படுத்தும் அளவுக்கு வேண்டாம்.

வெளியூர் போக வேண்டுமென்றால் எங்கே?

எங்களுக்குப் பக்கம் அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி. மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிரம்பும் ஏரி. 1999-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024 ஜனவரியில் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து அங்கே குளிர்காலத்தில் தங்கும். இரண்டு முறை போனோம். நத்தைகுத்தி நாரை, தாழைக்கோழி, நீர்க்காகம் எல்லாம் மனம் நிறையப் பார்த்தோம், வரித்தலை வாத்து மட்டும் கண்ணில் படவில்லை. வரும் ஜனவரியில் மறுபடி போகிறோம்.

நாங்களும் உங்களோடு ஒருநாள் வரலாமா?

தாராளமாக. ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்குக் கொள்ளிடக் கரைக்கு வந்துவிடுங்கள். பளிச்சென்ற வெள்ளை, சிவப்பு வேண்டாம், மண் நிறத்தில் ஏதாவது உடுத்திக்கொள்ளுங்கள். அக்டோபருக்குப் பிறகு வந்தால் கொஞ்சம் முன்னதாகவே எங்கள் வீட்டுக்கு வாருங்கள். வாழைத் தோட்டப் பக்கம் ஆறுமணிக் குருவி கத்தினாலும் கத்தும். ஃபிளாஸ்கில் காபி நாங்கள் கொண்டுவருகிறோம், டம்ளர் மட்டும் எடுத்து வாருங்கள்.